அளவுப் புத்தகம்

பில்லில் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் நாற்பது.
நாங்கள் இழுத்த நாடாவில்
இருநூற்று ஏழு தொண்ணூறு.
நாலரை மீட்டர் கோட்டையைக் காணோம்.

பஞ்ச்ஷீல் பார்க் மெட்ரோவில் இறங்கி
லெஹங்காக் கடைக் கண்ணாடிகளுக்குள்
தலையில்லாமல் நிற்கும் மணப்பெண்களைத் தாண்டி
சந்துக்குச் சந்து கேட்டுக்கேட்டு வந்திருந்தேன்.
தணிக்கை அலுவலகம் என்று சொன்னால்
தில்லியில் பால்காரர்கூட வழி சொல்ல யோசிக்கிறார்.

எழுநூறு வருஷத்து மதில்.
போன மார்ச்சில்தான்
பழுது பார்த்து முடித்திருக்கிறார்கள்,
நிதியாண்டு முடிய இரண்டு நாள் இருக்கையில்.
சுண்ணாம்பு, செங்கல்பொடி, வெல்லம், வில்வப்பழக் கூழ்,
உளுந்து நூற்றெண்பது கிலோ.
அந்த உளுந்தின் பக்கத்தில்
என் பென்சில் ரயிலிலேயே கேள்விக்குறி போட்டிருந்தது.
கோவில்பட்டிக்காரி நான்.
எத்தனை ஈடு இட்லி என்று
கேட்காமலே மனம் கணக்குப் போடும்.

புதுச் சுண்ணாம்பு இன்னும் பல்பொடி நிறம்.
அம்பு எய்த துளைகளில் புறாக்கள்
முன்னைப்போலவே முட்டையிட்டிருந்தன.
மதிலில் முதுகைச் சாய்த்தபடி ஒரு காபிக் கடை;
உள்ளே சட்டமிட்ட படத்தில்
இத்தாலி மலையொன்றின் உச்சியில்
கல்லும் ஓடுமாக ஒரு கோட்டைக் கிராமம்.
சன்னலுக்குச் சன்னல் பூத்தொட்டி,
வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.
"அங்கேயும் இதே மாதிரிதான் மேடம்,
ஆளில்லாமல் கிடந்ததை நிமிர்த்தி
ஓட்டலாக்கி விட்டார்கள்" என்றார்
இளநிலைப் பொறியாளர் தஹியா.

இங்கே ஆளில்லாமல் எப்போது கிடந்தது
என்று நான் கேட்கவில்லை.
நாலரை மீட்டரை மட்டும் கேட்டேன்.

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.
அப்புறம் விரலை நீட்டினார்,
ஒரு பச்சைக் கதவை நோக்கி.

"நாடாவா? இழுத்துக்கொள்.
செருப்பை வெளியே விடு" என்றாள் சந்த்ரோ தேவி,
மாவு பிசைந்த கையோடு.

சமையலறையின் பின்சுவர்தான் கோட்டை.
அம்புத் துளையில் புகை தள்ளும் மின்விசிறி.
சுல்தானின் கல்லிடுக்கில் அறைந்த ஆணியில்
குக்கரின் ரப்பர் வளையம்.
ஓரத்தில் குளிர்பதனப் பெட்டி
தன் பழைய காய்ச்சலோடு உறுமிக்கொண்டிருந்தது.
மதில் முழுக்க, தரையிலிருந்து விட்டம் வரை,
பளபளவென்று
இளஞ்சிவப்பு எண்ணெய் வண்ணம்.

தஹியா கூரையைப் பார்த்தார்.

"பதினோரு நாள் ஆறு பேர்
என் அடுப்பை முற்றத்துக்குத் தள்ளிவிட்டுப் பூசினார்கள்.
நன்றாகத்தான் பூசினார்கள்.
ரொட்டி மேலெல்லாம் வெள்ளையாய் உதிர்ந்தது.
பன்னிரண்டாம் நாள் மகன் பெயிண்ட் வாங்கி வந்தான்.
நிறம் நான் சொன்னதுதான்."

சுண்ணாம்பு மூச்சு விட வேண்டும்,
எண்ணெய் வண்ணம் கூடாது:
ஒப்பந்தம், பக்கம் முப்பத்தொன்று, பத்தி நான்கு.
சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் நாடாவின் நுனியைப் பிடுங்கி
மூலையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு
"படி" என்றாள்.

எண்ணெய் டப்பா, கடுகு டப்பா, மூன்று தலைமுறைக் கரண்டிகள்
ஒவ்வொன்றாய் நகர்த்தி நாடாவை ஒட்டினேன்.
கை பட்ட இடத்தில் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.
அடுப்பின் சூடா, அந்தப் பக்கத்து வெயிலா,
சொல்லத் தெரியவில்லை.

நாலு ஐம்பத்திரண்டு.

"இரண்டு சென்டிமீட்டர் அதிகம்" என்றேன் இந்தியில்.
"அதற்கு எவ்வளவு தருவார்கள்?"
என்று கேட்டாள் சந்த்ரோ தேவி,
சிரிக்காமல்.

மாலையில் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது.
மடியில் அளவுப் புத்தகம்.
நீளம் சரி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
இளஞ்சிவப்பு என்று எழுதி
அடித்தேன்.
அடித்ததற்கும் சுருக்கொப்பம் வேண்டும், விதி;
அதையும் போட்டேன்.
இனி அந்த அடித்தலை
யாராவது ஒருவர் வந்து தணிக்கை செய்வார்.

உளுந்துக்குப் போட்ட கேள்விக்குறி
அப்படியே இருக்கிறது.